இரண்டு காது நட்டுகள்

கடந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய கார்க்காரர்கள் கூடுகிற இடமொன்றுக்கு என்னுடைய எம்.ஜி.ஏ.யை, இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை, கொண்டுபோயிருந்தேன். திருத்தியெடுக்க ஆறு வருட வேலை. இந்த விஷயத்தில் கரைகண்டவர் என்று எல்லோரும் மதிக்கிற ஒரு பெரியவர், மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. பொனற்றைத் திறந்து பார்த்துத் தலையாட்டினார். பின்பக்கம் போய்க் குனிந்தவர் நிமிரக் கொஞ்ச நேரம் எடுத்தது. “இலக்கத் தகட்டுக்கு விங் நட் போட்டிருக்கிறீர்களே தம்பி, இது ஒரிஜினல் இல்லை. சாதாரண நட் போட்டுவிடுங்கள், ஐந்து நிமிட வேலை” என்றார். குரலில் கண்டிப்பு இல்லை, அக்கறைதான் இருந்தது. “சரி ஐயா” என்றேன். இன்னும் போடவில்லை. போடப்போவதும் இல்லை. ஏன் என்று அந்த இடத்தில் நின்று அவருக்குச் சொல்ல முடியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவர் பார்க்க இன்னும் பதினைந்து கார்கள் வரிசையில் நின்றன. வீட்டுக்கு வந்த பிறகும் அது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

விங் நட் என்பது இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நட். ஸ்பனர் தேவையில்லை. இரண்டு விரலால் இறுக்கலாம், இரண்டு விரலால் கழற்றலாம். அப்பா அதைக் காது நட் என்பார். அப்பாவை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டிக்காரர் அவர்தான். நான் வெறும் காசு செலவழித்தவன்.

கறையான் தின்ற தரை

2018 இல் நுகேகொடைப் பக்கம் ஒரு வீட்டுக்கு, அவர்கள் விற்கப் போட்டிருந்த ஜெனரேற்றர் ஒன்றைப் பார்க்கப் போனேன். பலாமரத்துக்கும் மதிலுக்கும் இடையில் ஏதோ ஒன்று தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. காற்றுக்கு ஒரு மூலை தூக்க, மட்கார்ட் ஒன்றின் வளைவு தெரிந்தது. சிறுவயதில் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளில் அந்த வளைவைப் பென்சிலால் வரைந்து பார்த்தவன் நான். ஜெனரேற்றரை வாங்கவில்லை.

எம்.ஜி.ஏ. பற்றி இதை வாசிக்கிறவர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1955 இலிருந்து 1962 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்தார்கள். மொத்தம் 101,081. அதில் உள்நாட்டில் விற்றது ஆறாயிரம்கூட இல்லை. மிச்சமெல்லாம் கப்பலேறியது, பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. என்னுடையது முதல் மொடல், 1489 சிசி. இந்தக் காரில் வெளியே கதவுக்குக் கைபிடி கிடையாது. உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். திறப்பைத் திருகினால் மட்டும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, அதற்கென்று ஒரு குமிழ் இருக்கிறது, அதை இழுக்க வேண்டும். ஹோர்ன் ஸ்டியரிங்கில் இல்லை. டேஷ்போர்ட் நடுவில், பக்கத்தில் இருக்கிறவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை அங்கே வைத்தவருக்குப் பிள்ளைகுட்டி இருந்திருக்காது.

தரை பலகை. உண்மையாகவே பிளைவுட். ஸ்போர்ட்ஸ் காரின் தரையைப் பலகையில் செய்தவன் கொழும்பின் மழையையும் கறையானையும் கண்டிருக்கமாட்டான். பலாமரத்தடியிலிருந்து ஒரு மண்கோடு புறப்பட்டு, காற்றுப்போன ரயரின் மேல் ஏறி, சில்லைச் சுற்றி, உள்ளே போயிருந்தது. தெஹிவளையில் என் காரைத் திருத்த ஒப்புக்கொண்ட பாஸ் (கைவேலைக்காரரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), சாரதி இருக்கைக்குக் கீழே ஸ்குரூ ட்ரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அது கேக்கில் கத்தி இறங்குகிற மாதிரிப் பிடிவரைக்கும் இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கதவு, பொனற், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம், அதனால் தப்பின. செஸியின் பக்கச் சட்டங்கள் கறள் பிடித்துப் பொருபொருத்துப் போயிருந்தன. தரைக்கு மொறட்டுவையில் ஒரு தச்சரிடம் படகுக்குப் போடுகிற பலகையில் அச்செடுத்துச் செய்வித்தேன். “இது படகா காரா?” என்று அவர் கேட்டார். கார் என்றேன். படகுக்கான கூலியைத்தான் வாங்கினார்.

பஞ்சிகாவத்தையும் புதுப்பேட்டையும்

கொழும்பில் வேறெங்கும் இல்லாத ஸ்பெயார் பார்ட்ஸ் பஞ்சிகாவத்தையில் இருக்கும் என்று சொல்வார்கள். ஜப்பான் காருக்கு அது சரி. என் காரின் நட்டுகள் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட் என்றால் 12.7 மில்லிமீற்றர். 13 ஸ்பனர் அதில் ஏறும், பிடித்தமாதிரியும் இருக்கும், பலம் கொடுத்ததும் வழுக்கி மூலைகளைத் தின்றுவிடும். எனக்கு முன்னால் இந்தக் காரைத் தொட்டவர்கள் எத்தனை பேரிடம் சரியான ஸ்பனர் இருந்தது, எத்தனை பேரிடம் இல்லை என்று ஒவ்வொரு நட்டின் தலையிலும் எழுதியிருந்தது. மூலை மழுங்கிய நட்டுகளைப் பாஸ் ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்தார். ஆறு மாதத்தில் டின் நிறைந்துவிட்டது. நான் சொல்லவந்த இரண்டு விங் நட்டுகளும் முதலில் அந்த டின்னுக்குள்தான் போயின. அவற்றை ஏன் பொறுக்கி எடுத்து என் கால்சட்டைப் பைக்குள் போட்டேன் என்று கேட்டால், சரியான பதில் இல்லை. அவை மழுங்கவில்லை. அவ்வளவுதான். மற்ற நட்டெல்லாம் அடிவாங்கிக் கிடக்க, இவை இரண்டின் காதுகளும் விரல் பட்டுப் பட்டு வழவழப்பாக இருந்தன. இலக்கத் தகட்டை யார் அடிக்கடி கழற்றுவார்கள்?

எஞ்சினைத் திறந்தபோதுதான் அது இந்தக் காரோடு வந்த எஞ்சினே இல்லை என்று தெரிந்தது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டது. அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்த பிறகு, எழுபதுகளில் அது இன்னும் இறுகிய பிறகு, இங்கே எல்லாக் காரும் எல்லாக் காரையும் தின்றுதான் உயிர் பிழைத்தது. நல்லகாலம், இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின். அதைவிட நல்லகாலம், இந்தியாவில் ஓடிய அம்பாசடருக்கும் அதே 1489 சிசி எஞ்சின்தான் இருந்தது. ஆகவே ஆபிங்டனில் பிறந்த காருக்கு ஹெட் கேஸ்கட்டும் டப்பெட்டும் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வந்தன. என் மனைவியின் பெட்டிக்குள், கல்யாணச் சேலைகளுக்கு நடுவில், பொலித்தீன் உறையில். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி டப்பெட்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன, அம்மிக்குழவியா?” என்று கேட்டாராம். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், என்னைப் பார்த்து.

காபரேட்டருக்கும் பிரேக்குக்கும் இங்கிலாந்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. 2022 தொடக்கத்தில் ஒரு பவுண் 270 ரூபாய் அளவில் நின்றது. மே மாதமளவில் 440 ஐத் தாண்டியது. நான் ஓடர் பண்ணிய பெட்டி கப்பலில் இருக்கும்போதே என் காசு பாதியானது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் அப்படித்தான் இருந்தது. ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். வரிசையில் இரண்டு நாள் நின்றவர்கள் உண்டு. பிறகு கியூஆர் முறை வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். வாகன இலக்கத்தையும் செஸி நம்பரையும் கொடுத்தால் பதியலாம். ஒரு சில்லும் இல்லாமல் நாலு மரக்கட்டையில் நின்ற என் காருக்கும் 20 லீற்றர் வந்தது. அதை நான் எடுத்தேனா என்று கேட்காதீர்கள். அந்த மாதங்களில் அப்பாவைக் கிழமைக்கு இருமுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

ஒரு கடிதமும் ஒரு கால்வாயும்

எம்.ஜி.யின் பழைய தயாரிப்புப் பதிவேடுகள் இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில், பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. செஸி நம்பரை எழுதிப் பணம் கட்டினால், உங்கள் கார் என்றைக்குச் செய்தது, என்ன நிறம், எந்தச் சந்தைக்கு என்று ஒரு சான்றிதழ் அனுப்புவார்கள். அதற்கு முன்பே நம்பரின் முன்னெழுத்துகளிலிருந்து கொஞ்சம் தெரிந்துவிட்டது. மூன்றாவது எழுத்து கே. அது சிவப்பு, அவர்கள் ஓரியன்ட் ரெட் என்று பெயர் வைத்த சிவப்பு. அதற்கடுத்த இலக்கம் 2. வலதுபக்க ஸ்டியரிங், ஏற்றுமதிக்கு. அப்போது கார் மங்கிய பச்சையாக இருந்தது. பாஸ் ஒரு மூலையில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். பச்சைக்குக் கீழே வெள்ளை, வெள்ளைக்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே, நகத்தளவுக்கு, மிளகாய்ப்பழச் சிவப்பு.

சான்றிதழ் 2021 இல் வந்தது. 1956 ஒக்ரோபரில் கட்டி முடித்து, நவம்பர் முதல் கிழமையில் அனுப்பியிருக்கிறார்கள், கொழும்புக்கு. திகதியைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்னப் பொறி தட்டியது. என் காரின் இலக்கம் 1 ஸ்ரீ வரிசை. 1956 முடியும்வரை இங்கே பதிந்த வாகனங்களுக்கு ஆங்கில எழுத்துகள். சிலோன் என்ற சொல்லை உடைத்து சி.எல்., சி.என்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று போட்டார்கள். 1957 ஜனவரியிலிருந்துதான் அந்த எழுத்துகள் போய்ச் சிங்கள ஸ்ரீ வந்தது. நவம்பர் தொடக்கத்தில் இங்கிலாந்தை விட்ட ஒரு கார், வழக்கமான பாதையில் டிசம்பரில் கொழும்பில் இறங்கியிருக்க வேண்டும். ஆங்கில எழுத்துத்தான் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நவம்பரில் சுயஸ் கால்வாய் மூடிக் கிடந்தது. பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்துக்குள் இறங்க, நாசர் கப்பல்களை மூழ்கடித்து வழியை அடைத்துவிட்டார். கால்வாய் திறக்க ஏப்ரலாகியது. அதுவரை கிழக்கே வந்த கப்பலெல்லாம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் வந்தன. என் கார் ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே டிசம்பர் ஜனவரியாகிவிட்டது என்பது என் கணக்கு. நாசர் அடைத்த கால்வாயால் என் காரின் நெற்றியில் ஸ்ரீ விழுந்தது. இதை அப்பாவிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னேன். “கப்பலுக்கு வழி இருந்தாலும் துறைமுகத்தில் கிடந்திருக்கும்” என்றுவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். அவருக்கு என் கார் அதுவரைக்கும் கழிவு இரும்புதான்.

இனி யாரிடம் இருந்தது என்ற கேள்வி. பதிவுப் புத்தகம் மூலப்பிரதி இல்லை, 1974 இல் எடுத்த நகல். அதிலிருந்து இன்றுவரைக்கும் ஐந்து பெயர்கள். 1957 க்கும் 1974 க்கும் இடையில் ஒன்றும் இல்லை. மூன்று வருடம் விசாரித்தேன். கனடாவில் ஸ்காபரோவிலிருந்து ஒருவர், தன் தகப்பனிடம் இப்படி ஒன்று இருந்தது என்று எழுதினார். படம் அனுப்பினார், அது ட்ரையம்ப், வேறு கார். பம்பலப்பிட்டியில் ஒரு அம்மா, ஐம்பதுகளில் சிவப்பு இரண்டு சீற் கார் ஒன்றில் ஒரு டொக்டர் போவார் என்று சொன்னார். அவர் ஊர் எது என்று கேட்டால், “அவர் நல்ல வடிவு” என்கிறார். அதற்கு மேல் அந்த வழி போகவில்லை.

காது நட்

பெயின்ற் வேலைக்கு முன்னால், கழற்றின சாமான்களில் கழுவித் துடைக்கக்கூடியவற்றை வெள்ளவத்தை பிளட்டுக்குக் கொண்டுவந்து பல்கனியில் வைத்துச் செய்வேன். ஒரு சனிக்கிழமை பின்பக்க இலக்கத் தகட்டைக் கொண்டுவந்தேன். முன்பக்கத் தகடு பிற்காலத்துப் பிளாஸ்ரிக். பின்பக்கம் மட்டும் பழையது, அலுமினியத் தகடு, கறுப்பில் வெள்ளை எழுத்து, கையால் எழுதியது. தகட்டையும் இரண்டு விங் நட்டையும் பேப்பரில் வைத்துவிட்டுப் பிரஷ் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு நட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருக்கிறார்.

“இது நம்பர் பிளேற்றில இருந்ததோ?”

“ஓம் அப்பா. ஏன் போட்டவங்கள் எண்டு விளங்கேல்லை. பாஸ் எறியச் சொல்லுறார்.”

“கெதியாக் கழட்டத்தான்.” அதற்கு மேல் ஒரு விநாடிகூட அவர் யோசிக்கவில்லை. “பின்பக்கத்தைத் திருப்பு பாப்பம்.”

திருப்பினேன். பின்பக்கம் முழுக்கத் தடிப்பான கறுப்புப் பெயின்ற், உப்புக்காற்றுக்குக் கொப்பளித்துப் போயிருந்தது. அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தகட்டின் பின்பக்கத்துக்கு யாராவது இவ்வளவு பெயின்ற் அடிப்பார்களா என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அப்பா நகத்தால் ஒரு கொப்பளத்தைத் தட்டினார். அடியில் வெள்ளை. “சுரண்டிப் பார். எழுத்திருக்கும்” என்றுவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

பிறகு சொன்னார். ஐம்பத்தெட்டில் அவருக்கு ஒன்பது வயது. பெரியமாமா கொழும்பில் கந்தோரில் வேலை, ஒரு மொறிஸ் மைனர் வைத்திருந்தார். வடக்கில் அப்போது ஸ்ரீ எதிர்ப்பு, இலக்கத் தகட்டில் சிங்கள எழுத்து வேண்டாம் என்று. சிங்கள ஸ்ரீயோடு போகிற வாகனத்தின் பலகையில் தார் பூசுவார்கள். தெற்கில் தமிழ் எழுத்தைக் கண்டால் தார் பூசுவார்கள், அதோடு நின்றுவிட்டால் அதிர்ஷ்டம். ஒரே கார் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும். மாமா தகட்டின் ஒரு பக்கம் சிங்கள ஸ்ரீ, மறுபக்கம் தமிழ் ஸ்ரீ என்று எழுதுவித்துக் காது நட் போட்டுவிட்டார். “எங்க வைச்சு மாத்துவார்?” என்று கேட்டேன். இப்படியும் ஒரு கேள்வியா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். “முறிகண்டியில.”

கண்டி வீதியால் யாழ்ப்பாணம் போகிற எந்த வாகனமும் முறிகண்டியில் நிற்காமல் போவதில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், கற்பூரம், பிறகு கச்சான், அதாவது வறுத்த நிலக்கடலை. நின்றால் ஏன் நின்றாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள், நிற்காவிட்டால்தான் கேட்பார்கள். பெரியமாமா இறங்கிப் போய்த் தேங்காய் உடைப்பார். சின்னமாமா டிக்கியில் ஏதோ எடுப்பது மாதிரிப் பின்னால் குனிவார். அப்பாவின் வேலை கச்சான் வாங்கிக்கொண்டு வந்து, காருக்குப் பின்னால் நின்று, ஒவ்வொன்றாக உடைத்துத் தின்பது. மறைப்புக்கு. “ஒரு சுருள் கச்சான் முடியமுந்தி மாத்திப்போடுவார்” என்றார். நான் வேறெதையோ எதிர்பார்த்த முகத்தோடு இருந்திருக்க வேண்டும். “வீரமெல்லாம் ஒண்டுமில்லை. தார் பூசினா பெயின்ற் பழுதாப்போகும் எண்டு மாமாவுக்குப் பயம். கார் அவருக்குப் பிள்ளை மாதிரி” என்று சேர்த்துக்கொண்டார். அந்த வருடம் மே மாதம் தமிழருக்கு எதிராக வந்த கலவரத்துக்குப் பிறகு மொறிஸ் மைனர் என்ன ஆனது என்று கேட்டேன். “அது பிறகு” என்றார். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை தகட்டைத் தெஹிவளைக்குக் கொண்டுபோனேன். பாஸிடம் காரணம் சொல்லவில்லை, பின்பக்கத்துப் பெயின்றை மட்டும் மெதுவாக எடுங்கள் என்றேன். அவர் ரிமூவர் தடவவில்லை. அது எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்றார். எண்ணூறாம் நம்பர் வோட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணியில் ஊறவைத்து, விரல் நுனியில் சுற்றி, வட்டம் வட்டமாகத் தேய்த்தார். கறுப்புத் தண்ணி வழிந்தது. முதலில் 1 வந்தது. பிறகு கடைசி இலக்கம் வந்தது, முன்பக்கத்தில் உள்ள அதே இலக்கம். நடுவில் வர நேரம் எடுத்தது. முதலில் மேலே ஒரு கொண்டை மாதிரி வளைவு, பிறகு கீழே இழுத்த வால். பாதி உரிந்து, பாதி மங்கி, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஸ்ரீ. எழுதியவருக்கு நல்ல கை. அந்த வாலை அவர் அவசரப்பட்டு இழுக்கவில்லை.

பாஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நாங்கள் பேசுவது சிங்களத்தில். இது என்ன எழுத்து என்று கேட்டார். ஸ்ரீ என்றேன். தகட்டைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தார். “இங்கேயும் ஸ்ரீதானே இருக்கிறது, மஹத்தயா?” ஆம் என்றேன். எழுபதுகளில் பிறந்தவர், இந்தப் பிரச்சினையைக் கேள்விப்பட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை என்றார். எனக்கும்தான் சொல்லித்தரவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். 1957 இல் வந்த சட்டம், வடக்கில் தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு ஓடியது, 1958 தொடக்கத்தில் அரசுடைமையான பஸ்களைச் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்கு அனுப்பியது, தார் வாளிகள், பிரதமர் பண்டாரநாயக்கா தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு செய்து ஏப்ரலில் கிழித்துப்போட்ட பண்டா செல்வா ஒப்பந்தம், மே மாதக் கலவரம். அவர் கேட்டுக்கொண்டே கையைத் துடைத்தார். “சத்தம் இரண்டும் ஒன்றுதானே?” ஒன்றுதான் என்றேன். சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு வேலைக்காரர் கேட்கிற கேள்வியைக் கேட்டார். “இதை அடித்துப் புதிதாக எழுதுவதா, இப்படியே விடுவதா?”

எந்தப் பக்கம் வெளியே

அந்தக் கேள்விக்கு நான் ஒரு கிழமை பதில் சொல்லவில்லை. அதுவரைக்கும் நானும் அந்தப் பெரியவர் மாதிரித்தான். ஆபிங்டன் வாசலை விட்ட மாலையில் கார் எப்படி இருந்ததோ அப்படி ஆக்க வேண்டும் என்று நினைத்துத்தான் நிறம் தேடினேன், சான்றிதழ் எடுத்தேன், காதில்லாத நட்டுகளுக்கு இங்கிலாந்துக்கு எழுதினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் கார் அங்கே இருந்தது சில நாட்கள். அதன் மிச்ச வாழ்க்கை முழுக்க இங்கே. ஆபிங்டனில் போட்ட நட் ஒரு லட்சம் காரிலும் ஒன்றுதான். இந்த இரண்டு நட்டுகளைப் போட்டது ஒரு ஆள். அவர் பெயர் எனக்குத் தெரியாது. பதிவுப் புத்தகத்தில் இல்லாத பதினேழு வருடங்களில் அவர் எங்கோ இருக்கிறார். அவர் தமிழர் என்று இப்போது அடித்துச் சொல்லலாம், வடக்குக்குப் போய்வந்தவர் என்றும் சொல்லலாம். தன் பெயின்றுக்காகச் செய்தாரா, உயிருக்காகவா, கொள்கைக்காகவா என்று சொல்ல முடியாது. எந்த நாளில் கடைசியாகத் திருப்பினார், எந்த நாளில் பின்பக்கத்தைக் கறுப்படித்து மூடினார் என்றும் தெரியாது. கறுப்படித்த கை அவருடையதா, பின்னால் வாங்கியவருடையதா? மூன்று வருடம் பேப்பரில் தேடிய மனிதன், என் கால்சட்டைப் பைக்குள் கிடந்திருக்கிறான்.

இன்னொன்று. அன்று பொனற்றைத் திறந்து பார்த்துப் பெரியவர் தலையாட்டிய எஞ்சின், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் எஞ்சின். அதில் அவருக்குக் குறை தெரியவில்லை. இதை அவரைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மேலே இரட்டைக் காபரேட்டர் உட்கார்ந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மார்க் குறைவது நட்டுக்கு, எஞ்சினுக்கு இல்லை என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

காரைச் சிவப்படித்தேன். அதில் ஒருவருக்கும் சண்டையில்லை. டிக்கிக்குள், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், பச்சை, வெள்ளை, சாம்பல், சிவப்பு நான்கும் தெரிகிற மாதிரி உள்ளங்கையளவு இடத்தைப் பாஸ் அப்படியே விட்டுவிட்டார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். தகட்டின் முன்பக்கம் சட்டப்படி வெளியே இருக்கிறது. பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை, உரிந்தது உரிந்தபடியே, அதன்மேல் கிளியர் மட்டும் ஒரு கோட். அந்த ஸ்ரீ இப்போது காரின் உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது.

முதல் ஓட்டத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோனேன். ஏறுவதற்கு வழி கேட்டார். உள்ளே கைவிட்டுக் கயிற்றை இழுக்கச் சொன்னேன், “கதவுக்குப் பிடிகூட வைக்கேல்லையோ, எவ்வளவு காசு குடுத்தனி?” என்றார். திறப்பைத் திருகியதும் பின்னாலிருந்து பெற்றோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்தது. அது நிரம்பி அடங்கும்வரைக்கும் காத்திருந்து குமிழை இழுத்தேன். காலி வீதியால் கோல்பேஸ் வரைக்கும் போனோம். வழியில் மூன்று தடவை ஹோர்ன் அடித்தார், ஒரு தடவைக்குக்கூடக் காரணம் இருக்கவில்லை. கடற்கரைப் பக்கம் நிறுத்தியதும் நான் இறால் வடைக்குப் போனேன். திரும்பி வரும்போது அப்பா கடலைக்காரனிடம் ஒரு சுருள் வாங்கிவிட்டிருந்தார். காருக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி நின்று, ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

“வறுவல் காணாது” என்றார். சுருளை என்னிடம் தந்துவிட்டு, ஒரு கையால் டிக்கியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். வலது நட்டைத் தொட்டுப் பார்த்தார். இடது நட்டைத் தொட்டுப் பார்த்தார். அதைக் கால்வாசி இறுக்கினார்.

“இது கொஞ்சம் இளகியிருக்கு.”